மணிமண்டபம் வேண்டாம், நூறு நாற்காலி போதும்

நம் ஊரில் நாடகம் செத்துப் பல வருஷமாகிவிட்டது என்று என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். முதலில் சினிமா அடித்தது, பிறகு டிவி அடித்தது, மிச்சம் இருந்த உயிரைச் செல்போன் வாங்கிவிட்டது என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கும் மரணச் சான்றிதழ். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் சான்றிதழ்களைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் நான். இந்தச் சான்றிதழில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. நாடகம் சாகவில்லை. இருக்க இடம் கொடுக்காமல் அதைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இடம் என்றதும் நண்பர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. "சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த மண் சார் இது! அவர் பேரில் ஒரு மணிமண்டபம், ஆயிரத்து ஐந்நூறு பேர் உட்காருகிற மாதிரி ஏ.சி. கலையரங்கம், வாசலில் வெண்கலச் சிலை. அரசாங்கத்துக்கு மனு கொடுப்போம். டிராஃப்ட் நீங்கதான் எழுதணும்" என்கிறார்கள்.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுவாமிகள் மேல் மரியாதை இல்லாததால் அல்ல. இந்த ஊருக்கு வேண்டியது நூறு நாற்காலி போட்ட ஓர் அறை. நடிப்பவர் முகம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், அவர் குரல் மைக் இல்லாமல் கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நாற்காலி போட்டாலும் கெடுதல் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

உப்புக் கிட்டங்கியில் ஒரு கணக்கர்

முதலில் சுவாமிகளைப் பற்றியே பேசுவோம். அவர் பேரைச் சொல்லித்தானே மண்டபம் கேட்கிறோம்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று பிற்காலத்தில் ஊரெல்லாம் கொண்டாடப்பட்டவர், இளம் வயதில் என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? இதே தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கர். மூட்டை எண்ணி, எடை குறித்து, பேரேடு எழுதிக் கொண்டிருந்தவர். இருபத்து நாலாவது வயதில் அந்தப் பேரேட்டை மூடி வைத்துவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார். என் மாதிரி கிளார்க்குகள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதியவை இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவரிடம் சிறுவனாக நாடகம் படித்த தி.க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்துச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே அவர் அடங்கிய ஊரில் வளர்ந்து, அவர் பிறந்த ஊரில் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவன் என்று ஒரு சின்ன உரிமை கொண்டாடிக் கொள்கிறேன்.

அவர் பெயர் எங்கெங்கே இருக்கிறது பாருங்கள். மதுரை தமுக்கத்தில் சிலை இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். சென்னையில் நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணிக்கே 2019-ல் அவர் பெயரை வைத்துக் கொண்டார்கள். பெயருக்குப் பஞ்சமே இல்லை. அவர் உப்பு மூட்டை எண்ணிய ஊரில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் போவதற்கு ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம். மணிமண்டபம் கட்டினால் இந்தக் குறை தீருமா? அதுவும் பெயர்ப் பட்டியலில் இன்னொரு வரி. அவர் பிறந்த நாளுக்கு மாலை, நினைவு நாளுக்கு மாலை, நடுவில் முந்நூற்று அறுபத்து மூன்று நாள் பூட்டு.

ஒரே நாடகம், இரண்டு இடம்

சின்ன இடம்தான் நாடகத்துக்கு இடம் என்பதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரே நாடகத்தை இரண்டு இடத்தில் பார்த்தேன். அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். முதலில் போட்டது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில். ஜமுக்காளம் விரித்து நாற்பது பேர் உட்கார்ந்தோம். என் போன்ற முழங்கால்காரர்களுக்குச் சுவர் ஓரமாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மேடை கிடையாது. இரண்டு குண்டு பல்பு. பாத்தியில் உப்பு வாருகிற பெண்ணாக நடித்த பிள்ளை எனக்கு ஐந்தடி தூரத்தில் நின்றாள். வேலை முடித்து வந்து உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். வசனம் இல்லை. பாதத்தைத் தொடப் போன கை தொடாமல் திரும்பி வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த பாதத்தைத் தொட்டால் எப்படி எரியும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் வாய்விட்டே "ஐயோ" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அதைக் கேட்டாள். கேட்டு அரைக் கணம் அவர் பக்கம் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக் கொண்டாள். அது ஒத்திகையில் இருந்ததோ இல்லையோ, அந்த நாற்பது பேரும் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே நாடகத்தை ஒரு விழாவில் போட அழைத்தார்கள். பெரிய மண்டபம். ஆயிரம் நாற்காலி. பெயர் வேண்டாம். ஆறு மணி என்று போட்டிருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பொன்னாடைக்குப் பதில் பொன்னாடை. எட்டேகாலுக்கு நாடகம். பிள்ளைகளின் வாய்க்கு முன்னால் தொங்கிய மைக் வேட்டைநாய் மாதிரி ஊளையிட்டது. மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் கேட்காது. நகராமல் இருந்தால் நடிக்க முடியாது. நான் பதினெட்டாவது வரிசை. அந்தப் பெண் காலைத் தூக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தது ஒரு சேலையும் ஒரு முழங்கையும்தான். வசனம் இல்லாத அந்த அரை நிமிஷத்தில், ஏதோ கோளாறு என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் கூட்டினார். அது மறுபடி ஊளையிட, முன் வரிசையில் யாரோ சிரிக்க, நாடகம் அங்கேயே முடிந்தது. அதன் பிறகு நடந்தது வெறும் நிகழ்ச்சி நிரல்.

வீட்டுக்குத் திரும்பும்போது நண்பர் சொன்னார்: "சொன்னேன்ல சார், இந்தக் காலத்துல நாடகம்லாம் எடுபடாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எடுபடாமல் போனது நாடகமா, மண்டபமா? மொட்டை மாடியில் உயிரோடு இருந்தது, மண்டபத்துக்குப் போனதும் செத்தது. சாவுக்குக் காரணம் செல்போன் என்று எழுதினால் அது பொய்ச் சான்றிதழ் இல்லையா?

பக்கத்தில் நின்றவர்கள் நம் முன்னோர்

இப்படிச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வருகிறது. "சுவாமிகள் காலத்தில் தகரக் கொட்டகையில் ஜனம் நிரம்பி வழிந்தது. கிட்டப்பா பாடினால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நம்ம மரபே பெரிய கூட்டம்தான்."

சரி. ஆனால் கிட்டப்பா எதில் பாடினார்? மைக்கிலா? அந்தத் தொண்டையை நம்பித்தான் அந்தக் கொட்டகையைப் போட்டார்கள். பால சபைகளில் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பிடித்து வைத்துத் தினமும் தொண்டையைப் பழக்கினார்கள். கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அவரோடு அந்தத் தொண்டையும் போயிற்று. இன்று ஆபீசிலும் காலேஜிலும் இருந்துகொண்டு, சாயங்காலம் ஒத்திகை பார்க்கிற பிள்ளைகளிடம் அதைக் கேட்பது நியாயமா? குரலுக்குத் தகுந்த கூடம் வேண்டும் என்பதுதான் கொட்டகைக்காரர்கள் கற்றுத் தந்த பாடம். ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டும் என்பதல்ல.

பெரிய கூட்டம் மட்டும்தான் நம் மரபு என்பதும் சரியல்ல. நம் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அண்ணாவி ஒருவர், மகுடம் அடிப்பவர்கள் இரண்டு பேர், பெண் வேஷம் கட்டி ஆடுபவர்கள் இரண்டு பேர், பின்பாட்டுக்கு ஒருவர். இவ்வளவுதான் கூட்டம். சாமிக்கு முன்னால் தரையில் நின்று பாடுவார்கள். பார்ப்பவர் கையை நீட்டினால் மகுடத்தைத் தொட்டுவிடலாம். சாமி கதையைச் சொல்லச் சொல்ல எதிரே இருப்பவருக்கு அருள் வந்து ஆடுகிறது. பதினெட்டாவது வரிசையில் இருப்பவருக்கு அருள் வந்து நான் பார்த்ததில்லை.

ஸ்பெஷல் நாடகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். வள்ளி திருமணத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். அன்றைக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகையே கிடையாது. சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் தர்க்கமும்தான் அவர்களைச் சேர்த்துப் பிடிக்கிற கயிறு. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். வள்ளி அதையும் சேர்த்துப் பதில் சொல்லுவாள். அங்கே உயிர் இருப்பது அந்த முதல் பத்து வரிசையில்தான். பின்னால் இருப்பவர்கள் டீ குடிக்கவும் கதை பேசவும் வந்தவர்கள்.

சுவாமிகள் நடிப்பதை விட்டுவிட்டு எழுத்துக்கும் பயிற்சிக்கும் போனதற்கு ஒரு கதை சொல்வார்கள். எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் வேஷம் கட்டி வந்தபோது, பார்த்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பயந்து கரு கலைந்துவிட்டது, அந்த வேதனையில் வேஷம் கட்டுவதை நிறுத்தினார் என்று. கதையாகவே வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கதை எதைச் சொல்கிறது? பார்த்தவள் மிக அருகில் இருந்திருக்கிறாள். எமன் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பாரீஸில் இன்னொரு கணக்கர்

பிரெஞ்சுப் பள்ளியில் மோலியேரை நெட்டுருப் போட்டவன் ஆதலால் இன்னொரு குமாஸ்தாவின் கதையையும் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. நம் சங்கரன் உப்புக் கணக்கு எழுதிக் கொண்டிருந்த அதே காலத்தில், பாரீஸில் காஸ் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர் அந்த்ரே அந்த்துவான். நாடகப் பைத்தியம். பெரிய அரங்கங்களில் நடிகர்கள் முன்னால் வந்து நின்று கையை விரித்து முழங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1887 மார்ச்சில் மோன்மார்த்ரில் ஒரு சந்துக்குள் சிறு கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். மேடைக்கு மேஜை நாற்காலி வாங்கக் காசு இல்லை. அம்மா வீட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். அப்படிப் பிறந்தது 'தெயாத்ர் லிப்ர்', அதாவது சுதந்திர நாடக அரங்கு. ஐரோப்பாவில் நவீன நாடகம் எழுதுபவர்கள் இன்றும் அந்தக் கைவண்டியிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறார்கள்.

அந்த்துவான் அரசாங்கத்துக்கு மனு எழுதிக் காத்திருக்கவில்லை. சந்தாதாரர்களைச் சேர்த்தார். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் நாடகம் என்பதால் அந்தக் காலத்துத் தணிக்கைத் தொல்லையும் குறைந்தது. குமாஸ்தா மூளை!

அதே பாரீஸில் உஷேத் தெருவில் ஒரு குட்டி அரங்கம் இருக்கிறது. சுமார் தொண்ணூறு பேர் உட்காரலாம். அங்கே யூஜேன் இயொனெஸ்கோ எழுதிய 'வழுக்கைத் தலைப் பாடகி', 'பாடம்' என்ற இரண்டு நாடகங்களை 1957 பிப்ரவரியில் போட ஆரம்பித்தார்கள். கொரோனா அடைப்பு மாதிரியான காலம் போக, அறுபது வருஷத்துக்கு மேலாக இன்னும் நடத்துகிறார்கள். நடிகர்கள் மாறினார்கள், நாடகம் மாறவில்லை. தொண்ணூறு நாற்காலி எத்தனை தலைமுறையைப் பார்த்துவிட்டது, கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். அந்த அரங்கத்தை ஆயிரம் நாற்காலியில் ஆரம்பித்திருந்தால் ஒரு வருஷத்தில் மூடியிருப்பார்கள்.

"அது பாரீஸ் சார், நம்ம ஊர் தூத்துக்குடி" என்பீர்கள். சரி, கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். சுற்றிலும் பாக்குத் தோட்டம். அங்கே 1949-ல் ஊர்க்காரர்கள் கூடி 'நீநாசம்' என்று ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார்கள். அதை வளர்த்த கே.வி. சுப்பண்ணா பாக்கு விவசாயம் செய்தவர். 1991-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இன்று அங்கே நாடகப் பள்ளி இருக்கிறது, ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழு இருக்கிறது. பம்பாயில் 1978-ல் திறந்த பிருத்வி அரங்கம் சுமார் இருநூறு இருக்கைதான். மூன்று பக்கமும் பார்வையாளர், நடுவில் மேடை. பெங்களூரில் 2004-ல் வந்த ரங்க சங்கராவில் நேரம் தாண்டி வந்தால் யாராக இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். ஹெக்கோடு கிராமத்தால் முடிந்தது, துறைமுகமும் விமான நிலையமும் மாநகராட்சியும் உள்ள தூத்துக்குடியால் முடியாது என்றால் நம்புகிற ஆள் நான் இல்லை.

காசு, பாஸ், பொன்னாடை

அடுத்த மறுப்பு காசு. "நூறு பேரை வைத்து எப்படிக் கட்டுபடி ஆகும்?"

ஆயிரம் பேர் மண்டபத்தில் மட்டும் கட்டுபடி ஆகிறதா? ஏ.சி., ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பந்தல், பிளெக்ஸ், விருந்தினர் கார், சாப்பாடு. இவ்வளவும் போட்டுவிட்டு அனுமதி இலவசம். செலவைக் கொடுப்பது யாரோ ஒரு புரவலர். காசு கொடுத்தவர் மேடையேறிப் பேசத்தானே செய்வார்? அவர் பேசினால் அவர் மைத்துனரும் பேசுவார். நாடகம் எட்டேகாலுக்குத் தொடங்கியதன் ரகசியம் இதுதான். இலவச நாடகத்தின் விலையை நாம் பொன்னாடையில் கட்டுகிறோம்.

என் கணக்கு இது. நூறு பேர், தலைக்கு மாதம் இருநூறு ரூபாய் சந்தா. இருபதாயிரம் ஆயிற்று. மாதம் ஒரு நாடகம், சனியும் ஞாயிறும் இரண்டு காட்சி. சந்தாதாரர் ஒரு நாள் வருவார், மறுநாள் வெளியாட்களுக்கு டிக்கெட். இடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இந்த ஊரில் கிட்டங்கிக்கா பஞ்சம்? பஞ்சும் உப்பும் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கிகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! தடித்த சுவர், உயரமான கூரை, வெளிச் சத்தம் உள்ளே வராது. உள்ளே நின்று பேசினால் மைக் எதற்கு? சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாசல் திறந்து, தீயணைப்புக்காரர்கள் சொல்கிற ஏற்பாடுகளைச் செய்து, கழிப்பறை கட்டினால் போதும். உப்புக் கிட்டங்கியில் கணக்கெழுதியவருக்கு ஒரு கிட்டங்கியில் நாடகம் நடப்பதைவிடப் பெரிய மணிமண்டபம் எது?

இருநூறு ரூபாய் அதிகம் என்கிறீர்களா? இரண்டு பேர் ராத்திரி பரோட்டா கடைக்குப் போய்வந்தால் எவ்வளவு ஆகிறது? வெளியூர் உறவுக்காரருக்கு வாங்கிக் கொடுக்கும் மக்ரூன் பொட்டலம் என்ன விலை? கையில் காசு இல்லாதவர்களைச் சொல்லவில்லை; அவர்களுக்கும் மாணவர்களுக்கும் பத்து இடம் குறைந்த விலையில் வைக்கலாம். நான் சொல்வது என் வயதுக்காரர்களை. பென்ஷன் வாங்குகிற நம்மை. "பாஸ் கிடைக்குமா?" என்று முதலில் கேட்பது நாம்தான். பாஸில் போனால் பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வரலாம், பேத்தியிடமிருந்து போன் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பேசலாம் என்பது நம் எண்ணம். டிக்கெட் வாங்கியவன் கேட்பான், தட்டிக் கேட்பான், நன்றாக இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லுவான். நடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மரியாதையை நாம் கொடுத்திருக்கிறோமா?

போலீஸ் அனுமதி என்ற பூச்சாண்டி

இன்னொரு நண்பர், அவரும் ரிட்டையர்டு அரசு ஊழியர், சட்டம் பேசினார். "ஸ்கிரிப்டைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்கணுமே சார், அந்த அலைச்சல் யாரால முடியும்?"

1954-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. எம்.ஆர். ராதா நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் என்று அப்போதே பேசிக் கொண்டார்கள். வசனத்தை முன்கூட்டிக் காட்டித்தான் நாடகம் போட வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்துவிட்டது. கட்டடத்துக்கு உரிய லைசென்ஸ், தீ பாதுகாப்பு எல்லாம் வேண்டும், அது நியாயமானதுதான். வசனத்துக்கு முத்திரை குத்தக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஒரு மனிதர் கோர்ட் படியேறி வாங்கிக் கொடுத்ததை அனுபவிக்காமல், பழைய சட்டத்தைச் சாக்காகச் சொல்லிச் சும்மா இருப்பதற்கு என்ன பெயர்?

நாடகம் நன்றாக இருக்க வேண்டாமா?

கடைசி மறுப்புதான் கொஞ்சம் கனமானது. "இடம் இருந்தால் போதுமா? நல்ல நாடகம் எங்கே? மாசாமாசம் போட்டால் பாதி குப்பையாகத்தான் இருக்கும்."

இருக்கும். பாதி அல்ல, முக்கால்வாசி. முத்துக் குளித்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சலாபம் நடந்த காலத்தில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாது. எத்தனையோ சிப்பியைத் திறந்தால் ஒன்றில் இருக்கும், அதிலும் நல்ல முத்து அபூர்வம். வெறும் சிப்பிதான் அதிகம் என்று தெரிந்தும் நம்மவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். நம் கடலில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு முத்து நமக்கு ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற அடைமொழியாகிவிட்டது. சுவாமிகளையும் அப்படி ஓர் அடைமொழியாக்கிவிடத்தான் மணிமண்டபம் கேட்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

சிப்பியைத் திறந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். சரியில்லாத நாடகத்தை நூறு பேர் முன்னால் போட்டால் நஷ்டம் கொஞ்சம், பாடம் நிறைய. எங்கே நெளிந்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே மூச்சைப் பிடித்தார்கள் என்பது நடிப்பவருக்கு நேரிலேயே தெரிந்துவிடும். அடுத்த மாதம் திருத்திப் போடலாம். ஆயிரம் பேர் மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் திருத்துவதற்கு வாய்ப்பேது? தோற்றால் அத்தோடு சரி; அந்தப் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார்கள். மொட்டை மாடியில் நான் பார்த்த ஆறு பேரில் நாலு பேர் இன்று இந்த ஊரில் இல்லை. உப்பளத்தைப் பற்றியும், தோணி கட்டுகிறவர்களைப் பற்றியும், மீனவர் வீடுகளைப் பற்றியும் அவர்கள் எழுதியிருக்கக்கூடிய நாடகங்களை இனி யார் எழுதுவார்கள்? சென்னையில் இருப்பவரா வந்து எழுதப் போகிறார்?

ஆகவே நண்பர்களே, அந்த மனுவை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சந்தாதாரர் பெயர், தேதி, தொகை, கையெழுத்து என்று நாலு கட்டம் போட்டாயிற்று. முப்பது வருஷம் செய்த வேலைதான், கை மறக்கவில்லை. வரிசை எண் ஒன்றில் என் பெயரும் ஒரு வருஷச் சந்தாவும் இருக்கின்றன. இன்னும் தொண்ணூற்றொன்பது வேண்டும். பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் சாவி யாரிடமாவது இருந்தால் வந்து பேசுங்கள். பாஸ் கேட்டு மட்டும் யாரும் வர வேண்டாம்.